முப்பது மில்லி சூப்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் அவரவர் மாத்திரைகளோடு நலமாக இருக்கிறோம். உன் நலம் எப்படி என்று கேட்டால் நீ "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றுதான் சொல்லப் போகிறாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை, நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிடுகிறேன். நாள் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் என்றால் நீ ஒரு அம்மா போடுவாய், நான் கரைந்துவிடுவேன், சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்துவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது. நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். உடம்பைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷனைச் செய்துகொள்ளலாமா என்பது ஒன்று. செய்துகொண்டால் ஆறு வாரம் உன்னோடு வந்து தங்கி, வடிகட்டியும் மசித்தும் உனக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்வேனா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அன்றைக்கே துள்ளிக் குதித்துச் சரி என்றேன். முதலாவதற்கு மட்டும் மழுப்பினேன். இப்போது இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். டாக்டர் உனக்காகப் பிடித்து வைத்திருக்கும் தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, கடிதம் வரப் பத்து நாள் ஆனாலும் நேரம் இருக்கிறது. கடைசிவரை பொறுமையாகப் படி, பாதியில் போனை எடுக்காதே.

முதலில் என் மீது எனக்கே இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆபரேஷன் என்றதும் நான் என்ன சொன்னேன், "வயித்துல கத்தி வைக்கிற அளவுக்கு உனக்கு என்னடா வந்துச்சு, ரெண்டு மாசம் வாயைக் கட்டினா போதாதா" என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நான் சொல்லலாமா. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் திரவ மேசையில் நிற்கிறவள் நான். எங்கள் வேலை முறை உனக்குத் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு வரும், வெள்ளைச் சீட்டு என்றால் எல்லாம் சாப்பிடலாம், மஞ்சள் என்றால் மசித்தது, நீலம் என்றால் தெளிந்த திரவம் மட்டும். நீலமெல்லாம் என் மேசைக்கு. சூப்பை ஒரு முறை சல்லடையிலும் ஒரு முறை துணியிலும் வடிகட்டி, கப்பில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், கப்பின் அடி தெரிந்தால்தான் மேலே போகும். மருந்து பாட்டிலுக்கு மூடியாக வருமே, அந்த அளவுக் கப். முப்பது மில்லி. கால் மணிக்கு ஒன்று. அந்த நீலத் தட்டுகளில் பாதி நீ கேட்கிற அதே ஆபரேஷனைச் செய்துகொண்டவர்களுக்குத்தான் போகிறது. மேலே போகும் வழியில் பயந்து உட்கார்ந்திருக்கும் ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் "ஒண்ணும் ஆகாதுப்பா, நம்ம டாக்டருக்கு ராசியான கை" என்று தைரியம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை என்றதும் எனக்குக் கத்தி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் எங்கள் டயட்டீஷியன் பெண்ணிடம் கேட்டேன். இருபத்தேழு வயதுதான், ரயில் பிடிக்கப் போகிறவள் மாதிரிப் பேசுவாள், ஆனால் விஷயம் தெரிந்தவள். உன்னைப் பற்றி என்று சொல்லவில்லை, தூரத்துச் சொந்தம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூரத்துச் சொந்தம்னா ரொம்பத் தூரமாம்மா" என்று கேட்டாள். பிறகு உட்கார வைத்துச் சொன்னாள், "வாயைக் கட்டிப் பாக்காதவங்க யாரும் இங்க வர்றதில்லம்மா. எல்லாரும் பத்துத் தடவை கட்டிப் பார்த்துட்டுதான் வர்றாங்க. குறைச்ச எடையை இவங்க உடம்பே தேடிப் பிடிச்சுத் திரும்பக் கொண்டுவந்துடும். அது சோம்பேறித்தனம் இல்ல, நோய்" என்று. எனக்கு நீ ஒரு வருஷம் வேலைக்கு நடந்தே போய், பாதிச் சாப்பாடு சாப்பிட்டு, பதினெட்டுக் கிலோ குறைத்தது ஞாபகம் வந்தது. அது இருபத்திரண்டாகத் திரும்பி வந்தபோது நான் உன்னை என்ன கேட்டேன் என்பதும் ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, நீயும் மறந்திருந்தால் மறந்தபடியே இரு.

நல்லதும் கெட்டதும் இரண்டையும் பார்த்தவள் என்பதால் இரண்டையும் சொல்கிறேன். கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் ஒரு பெண், குனிந்து செருப்பு வார் மாட்ட முடியாதவள், ஒரு வருஷம் கழித்து எங்கள் சமையலறை ஜன்னலில் வந்து நின்றாள். யாரும்மா வேணும் என்று அவளிடமே கேட்டேன், ஆள் அப்படி மாறியிருந்தாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். அதே வார்டில் இருந்த ஒரு கான்ட்ராக்டர், திட உணவைக் குறைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குளிர்பானமாக உறிஞ்சி உறிஞ்சி, மூன்று வருஷத்தில் பழைய எடைக்கே போய்விட்டார். இன்னொருவர் விட்டமின் மாத்திரையை நமக்கெதற்கு என்று விட்டுவிட்டு, முடி கொட்டி, நடக்கக்கூடத் தெம்பில்லாமல் வந்தார். அந்த மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. ஒரு வாய் கூடினால் வயிறு அந்த நிமிஷமே கணக்குத் தீர்த்துவிடும். முதல் சில வாரங்களில் தையல் கசிந்துவிடுகிற ஆபத்து குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆபரேஷன் பாதி வேலைதான் செய்கிறது, மீதியை ஆள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு சொல்கிறேன், செய்துகொள். ஏன் என்று கேட்பாய். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீ லீவில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ உட்கார்ந்த நாற்காலியின் கால் முறிந்து கீழே விழுந்தாய், நினைவிருக்கிறதா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், எல்லோரையும்விட நீதான் சத்தமாகச் சிரித்தாய். அதற்குப் பிறகு மீதி லீவு முழுக்க நீ நின்றுகொண்டே சாப்பிட்டாய். உட்காரேன்டா என்றால், "கிரேன் கேபின்ல நாள் பூரா உக்காந்துதானேம்மா இருக்கேன், லீவுலயாவது நிக்கறேன்" என்றாய். நான் அதை நம்பினேன், சின்னு. ஐந்து வருஷம் நம்பினேன். போன மாதம்தான் நீ சொன்னாய், கேபின் இருக்கை நூற்று முப்பது கிலோ வரைதான் தாங்கும் என்று கம்பெனி டாக்டர் உன்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார், எட்டு மாதமாகக் கீழே சரக்குச் சீட்டுகளில் குறி போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று. கப்பல் பெட்டிகளை முட்டை எடுப்பது போல எடுத்து வைப்பாய் என்று உன் மேலதிகாரி சொன்னதை நான் இந்தத் தெருவில் சொல்லாத வீடு கிடையாது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து நீ அனுப்பிய கடல் படம்தான் இன்னமும் நம் பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நீ மறுபடியும் அந்த ஏணியில் ஏற வேண்டும். நாற்காலியைப் பார்த்ததும் கையால் அழுத்திச் சோதிக்காமல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் செய்துகொள் என்கிறேன், ஒல்லியாக அழகாக இருப்பாய் என்பதற்காக இல்லை, அழகுக்கு என்ன குறைச்சல் உனக்கு.

இனி இரண்டாவது விஷயம். இதை எழுதத்தான் நாலு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். நீ வரச் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா தரையில் நடக்கவில்லை. பெட்டியை இறக்கித் துடைத்து, துணி அடுக்கி, பிரித்து, மறுபடியும் அடுக்கினேன். அத்தை கண் தெரியாதவளாக இருந்தாலும் காது கேட்கிறதல்லவா, "பெட்டி ஜிப்பு இன்னைக்கு ஏழாவது தடவை திறக்குது" என்று கூடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக உன்னைப் போன் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன், அதிலும் கழுத்துக்கு மேலேதான் காட்டுகிறாய். உன் பின்னங்கழுத்தில் ஒரு மச்சம் உண்டே, அது எந்தப் போனிலும் தெரிவதில்லை. உன் வீட்டுக் கதவைத் தட்டினால் நீ திறக்க எத்தனை நொடி ஆகும், திறந்ததும் நான் முதலில் முகத்தைப் பார்ப்பேனா, கையைப் பிடிப்பேனா என்றெல்லாம் காய்கறி நறுக்குகிறபோதும் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சமையலறையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் உன் ஊர் முதலில் தெரியும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அடுத்து நான் சொல்லப் போவதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு வர மனசில்லை என்று ஒரு நொடிகூட நீ நினைத்துவிடக்கூடாது.

பத்து நாளைக்கு முன்னால் டிராலி தள்ளும் பெண் லீவு. தட்டுகளை நானே வார்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்பதாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர், உன் வயது, ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கிறது என்று வண்டியை விட்டு இறக்கிவிட்டார்களாம். அந்தப் பிள்ளை சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்கிறது, உனக்கு மாதிரியே. கப்பைக் கையில் கொடுத்தேன். "அம்மா, தண்ணியாக் குடிச்சுக் குடிச்சு நாக்கே மரத்துப் போச்சு. எதையாவது மெல்லணும் போல இருக்கு. ரெண்டே ரெண்டு வாய்" என்றான். இப்படிக் கேட்காத நோயாளியே கிடையாது. பதினோரு வருஷமாக எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன், இன்னும் பத்து நாள் பொறுப்பா என்று. அன்றைக்கும் அதையேதான் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். மஞ்சள் சீட்டுக்காக உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்து வைத்திருந்தார்கள், ஆவி பறந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு கரண்டி எடுத்து, சூப்பு விட்டுத் தளர்த்தி, அடுத்த நீலத் தட்டில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறைந்தது, அதுதான் உண்மை.

அரை மணியில் அந்தப் பிள்ளை வலியில் துடித்தான். வாந்தி. டாக்டர் ஓடி வந்தார், தையல் கசிந்துவிட்டதோ என்று ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று அவன் மனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பையில் குழந்தைக்காக வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது, அது போதுமே. "நாங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கொண்டுவந்து ஊட்டுறீங்களே, புருஷன் உயிரோட வேணுமா வேண்டாமா" என்று நர்ஸ் நடைபாதையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் "நான் எதுவுமே குடுக்கலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அழுகிறாள். நான் காலித் தட்டு அடுக்கிய டிராலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். என் வாய் திறக்க ஒரு கால் மணி நேரமாவது ஆகியிருக்கும், சின்னு. அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு அவமானமாக இருக்கிறது. பிறகு போய்ச் சொன்னேன். கசிவு இல்லை, உள்ளே வீக்கம்தான் என்று ஸ்கேனில் தெரிந்தது, கடவுள் காப்பாற்றினார், நாலு நாள் கூடுதலாகப் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். போகும்போது ஜன்னலுக்கு வந்து, "நான் கேட்டதாலதானம்மா குடுத்தீங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றான். அவன் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் செய்ததுதான் நியாயம். என்னைத் திரவ மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது காய்கறி நறுக்குகிறேன். டயட்டீஷியன் பெண் என்னைத் திட்டவில்லை, "ஏம்மா, உங்களுக்குத் தெரியாததா" என்று மட்டும் கேட்டாள். "தெரியும்மா. தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யாரோ பெற்ற பிள்ளை, ஒரு சிரிப்பு, இரண்டு வார்த்தை, அதற்கே பதினோரு வருஷப் பழக்கத்தை என் கை மறந்துவிட்டது. அங்கே இருக்கப் போவது நீ. ஆறு வாரம். தினமும் எத்தனை கப் வரும் என்று கணக்குப் போடக்கூட எனக்குத் தைரியமில்லை. நீ கேட்கவே வேண்டாம், சும்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் போதும், நான் சமையலறைக்குப் போய்விடுவேன். நீ பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. அதனால்தானே சின்னு. இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டுக் குழாயில் பால் விட வேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது என்று அன்றைக்கு இருந்த நர்ஸ் என்னை மிரட்டி அனுப்பினாள். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உன் உடம்புக்கு நான் மட்டும்தான் காரணம் என்று மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, அதெல்லாம் இல்லை என்று டயட்டீஷியன் பெண் அடித்துச் சொல்லிவிட்டாள். ஆனால் உன்னைப் பசியோடு பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருஷத்தில் கற்றுக்கொள்ளாததை ஏழு வாரத்தில் கற்றுக்கொள்வேன் என்று உன் உயிரை வைத்து நான் சோதனை செய்து பார்க்க மாட்டேன்.

அதனால் நான் வரவில்லை. அப்பா வருகிறார்.

முகத்தைச் சுளிக்காதே, இங்கிருந்தே தெரிகிறது. அப்பாவோடு நீ பேசி எத்தனை நாளாகிறது என்று எனக்குத் தெரியும். போனை வாங்கி "நல்லா இருக்கியா, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு அவர் பாசம் முடிந்துவிடும். இரண்டு பேரில் ஒருவர்தான் வர முடியும், அத்தையைத் தனியே விட முடியாது. அந்த ஒருவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை குடிநீர் நிலையத்தில் மணிக்கொரு தரம் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து நோட்டில் எழுதியவர். முப்பது வருஷத்தில் ஒரு சொட்டுக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று ஒரு நாளும் சொல்லாத ஆள், அதற்காக நான் அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உனக்கு எட்டு வயதில் வாந்தி பேதி கண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் தரலாம் என்று டாக்டர் சொன்னார். நீ முழு டம்ளர் கேட்டு அழுதாய். நான் வாசலுக்கு ஓடிப்போய் அழுதேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தது அவர்தான். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அவரை அடித்தாய், கடித்தாய். அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் சொன்னதும் அவர், "சூப்பு எப்படி வடிகட்டணும், காட்டு" என்றார். ஒரு வாரமாக வீட்டில் பாடம் நடக்கிறது. அடுப்பையே பார்க்காத மனிதர், மூன்று தடவை தீய்த்துவிட்டார், ஒரு தடவை வடிகட்டிச் சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள். இப்போது நன்றாகவே செய்கிறார், என்னைவிடத் தெளிவாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் தெரியுமா. காலையில் எழுந்து, எனக்கு இன்றைக்குச் சமைக்காதே என்று சொல்லிவிட்டு, கால் மணிக்கு முப்பது மில்லியாக நாள் முழுக்க அதையே குடித்தார். எதற்கு இந்த வேலை, பிரஷர் மாத்திரை போடுகிற உடம்பு என்று நான் கத்தினேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் கப்பைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார், "பசி கூடப் பரவாயில்ல. அந்தச் சின்னக் கப்பைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தா, உலகத்துல நம்மள விட்டுட்டு எல்லாரும் எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கு. அவன் தனியா உக்காந்து குடிக்கக்கூடாது" என்று. உன்னோடு தினமும் ஒரு வேளை அவரும் அதையே குடிப்பாராம். ஒரே ஒரு வேளைக்குத்தான் நான் அனுமதி கொடுத்திருக்கிறேன், அதற்கு மேல் செய்தால் எனக்குச் சொல். அன்றைக்கே என் பெட்டியிலிருந்து என் துணிகளை எடுத்துவிட்டு அவருடையதை அடுக்கிவிட்டேன்.

அவரிடம் பேச உனக்கு என்ன இருக்கிறது என்று நினைப்பாய். பேச வேண்டாம். வாயைத் திறந்தாலே குளோரின்தான், அதையும் கேட்டுக்கொள். தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று உன் ஊரில் யாரையாவது பிடித்துக் கேட்டே தீருவார், தடுக்காதே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், எரிச்சல் வரும், திட்டிவிடாதே. வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முதல் நாளே காட்டிவிடு, கேட்கமாட்டார், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சும்மா இருப்பார். நடக்கச் சொன்ன நாளிலிருந்து அவரோடு நட, அவர் மெதுவாகத்தான் நடப்பார், உனக்குச் சரியாக இருக்கும். முடிந்தால் உன் கிரேனைக் கீழேயிருந்து ஒரு தடவை அவருக்குக் காட்டு. இங்கே அந்தப் படத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு நான் வந்தால் பிரிஜ்ஜைத் திறந்து தண்ணீர் எடுக்கிற மாதிரி நடிக்கிறார், பல வருஷமாக நடிக்கிறார். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் கல்லீரல் சுருங்க ஒரு சாப்பாட்டு முறை கொடுப்பார்கள், அதில் ஏமாற்றாதே. உறிஞ்சு குழாய் வேண்டாம், காற்று உள்ளே போகும். ஒரே மடக்காகக் குடிக்காதே. விட்டமின் மாத்திரையைப் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வை. அத்தை உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள், "அவன் எவ்வளவு குறைஞ்சாலும் எனக்கென்ன, எனக்கு அவன் குரல்தான், அது குறையாம பாத்துக்கச் சொல்லு" என்றாள்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும், அதை இப்போதே நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பழகிக்கொள்ளத்தான். உன்னை முதலில் தொடப் போவது அவர் கை, அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ மென்று சாப்பிடத் தொடங்கி, டாக்டர் இனி எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிடு. கைக்குட்டையும் ஒரு மாற்றுப் புடவையும் போதும், வந்துவிடுவேன். சமைக்கச் சொல்லாவிட்டாலும் வருவேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீண்ட ஆயுளோடும் லேசான உடம்போடும் நீ நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் கையும் உன் மனதும் உறுதியாக இருக்கட்டும். தேதியை மாற்றாதே. கத்தி வைத்த மறுநாள் குரலை மட்டும் கேட்டால் போதும் எனக்கு, அப்பா போனைப் பிடித்துக்கொள்வார், நீ அம்மா என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தூங்கு.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்த ஆறு வாரத்தில் ஏதாவது ஒரு நாள் உனக்குத் தாங்கமுடியாமல் வரும். அப்பாவிடம் சொல், நர்ஸிடம் சொல், சுவரைப் பார்த்துக்கூடச் சொல். பசிக்குதும்மா என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா